தண்டனை முடிந்தது, தள்ளிவைப்பு முடியவில்லை
(வாலிபர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு திருட்டுக் கைதி எப்படிப் பெரிய வியாபாரியாகவும், பிறகு தான் கைதியாக வந்திறங்கிய அதே ஊருக்கு மாஜிஸ்திரேட்டாகவும் ஆனார் என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "திருடனைப் புகழ்வதற்கா இத்தனை பேரைக் கூட்டி வைத்தீர்கள்?" என்று கேட்கக்கூடும். நான் திருட்டைப் புகழ வரவில்லை. ஒரு மனிதன் செய்த குற்றத்திற்குச் சர்க்கார் ஏழு வருஷம் தண்டனை போட்டால், அந்த ஏழு வருஷமும் தீர்ந்த பிறகும் அவனைத் தண்டித்துக்கொண்டே இருப்பவர்கள் யார்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் முன்பு வைக்கவே வந்திருக்கின்றேன்.

"ஒருநாள் திருடினவன் என்றும் திருடன்", "திருடன் பிள்ளை திருடன்" என்று நம்மவர்கள் வெகு சுலபமாகச் சொல்லிவிடுகின்றார்கள். இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. வெள்ளைக்காரர்களும் இப்படியே சொன்னார்கள். ஆனால், இந்தப் பேச்சு நிஜந்தானா என்று பரீட்சை செய்து பார்க்கும்படியான ஒரு சந்தர்ப்பம் சரித்திரத்தில் ஏற்பட்டது. அதுதான் ஆஸ்திரேலியா.

தோழர்களே! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சிறைச்சாலைகள் நிரம்பி வழிந்தன. அதற்கு முன்பெல்லாம் கைதிகளை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கர்கள் கலகம் செய்து 1776இல் சுதந்திரம் பிரகடனம் செய்துகொண்டபின் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. ஆகவே, பூமியின் அடுத்த கோடிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். 1788 ஜனவரியில் 11 கப்பல்கள் இன்றைய சிட்னி பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. அது முதல் 1868 வரையில் 80 வருஷத்தில் சுமார் 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றினார்கள். இவர்களில் பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்திற்காகப் போனவர்கள்.

அவர்களில் ஒருவர்தான் சிமியோன் லார்ட் என்பவர். இங்கிலாந்தில் யார்க்ஷயரில் டாட்மார்டன் என்ற ஊர்க்காரர். சுமார் 1771இல் பிறந்தவர். 1790இல் மான்செஸ்டர் கோர்ட்டில் இவர்மீது நடந்த வழக்கு, 21 பீஸ் துணியைத் திருடினார் என்பது. அந்தத் துணி காலிகோவும் மஸ்லினும். காலிகோ என்கின்ற பெயரே நமது கள்ளிக்கோட்டையிலிருந்து போன பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். இருபத்தொரு பீஸ் துணிக்கு ஜூரர்கள் போட்ட மதிப்பு என்ன தெரியுமா? பத்துப் பென்னி! அந்த ஜூரர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்நாளையச் சட்டப்படி 12 பென்னிக்கு மேற்பட்ட திருட்டு பெருந்திருட்டு என்னும் கடுங்குற்றம். ஆதலால், சட்டத்தின் கொடுமைக்கு அஞ்சிய ஜூரர்கள் சாமானின் விலையைக் குறைத்து எழுதுவது அந்நாளில் சகஜமாயிருந்தது. சட்டத்திற்கு இல்லாத மனிதத் தன்மை சாதாரண மனிதர்களுக்கு இருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அப்படியும் அவருக்குக் கிடைத்தது ஏழு வருஷம் நாடு கடத்தல். 1791இல் அட்லாண்டிக் என்ற கப்பலில் சிட்னி போய்ச் சேர்ந்தார். அப்போது வயது இருபது.

நிற்க. சிட்னியில் அவரை ரௌலி என்கின்ற ஒரு காப்டனிடம் வேலைக்கு விட்டார்கள். அங்கே இருந்த பட்டாளத்து அதிகாரிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கப்பல் ஒன்று வந்தால், அதில் உள்ள சாராயத்தையும் சாமானையும் அதிகாரிகள் ஒன்றாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கிவிடுவார்கள். பிறகு பல மடங்கு விலைக்கு ஏழைக் குடியானவர்களிடம் விற்பார்கள். ஆனால், கடைப்பலகையில் உட்கார்ந்து படியளந்து விற்பது அவர்களுடைய அந்தஸ்துக்குக் குறைவல்லவா? அதற்காகக் கைதிகளையும், கைதியாயிருந்து விடுதலை அடைந்தவர்களையும் முன்னே நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். லாபம் துரைக்கு, கெட்ட பெயர் கைதிக்கு. இப்படி முன்னே நிறுத்தப்பட்டவர்களில் லார்டும் ஒருவராக இருந்திருக்க வேண்டும் என்பது சரித்திரக்காரர்களின் அபிப்பிராயம்.

ஆனால், இந்த மனிதர் கடையில் நின்றுகொண்டே வியாபாரம் கற்றுக்கொண்டார். 1797க்குள் அவருடைய ஏழு வருஷக் கெடு தீர்ந்துவிட்டது. 1798இல் சொந்தமாகக் கிடங்கும் வீடும் வாங்கிவிட்டார். பிறகு ஏலக்காரர் ஆனார். கப்பல் வாங்கினார். சீல் என்னும் கடல்நாய்களின் தோலைச் சேகரிக்கத் தெற்குச் சமுத்திரத் தீவுகளுக்கு ஆட்களை அனுப்பினார். பிஜித் தீவுகளின் சந்தனக்கட்டை வியாபாரத்திலும் இறங்கினார். சிட்னியில் ஒரு சிற்றாற்றின் பாலத்தருகே மூன்று மாடி வீடு ஒன்று கட்டினார். அந்நாளில் அந்த ஊரில் அதற்கு இணையான தனியார் வீடுகள் வெகு சில. இவர் பெயரே லார்ட், அதாவது பிரபு. பெயரளவில் பிறவியிலேயே பிரபுவானவர், வீட்டளவிலும் பிரபுவாகிவிட்டார்.

இது எளிதில் நடந்த காரியமென்று எண்ண வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோக உரிமையால், சிட்னிக் கப்பல்கள் இந்தியாவோடோ சீனாவோடோ கம்பெனியின் சம்மதமின்றி வியாபாரம் செய்ய முடியாது. நம் நாட்டுக்கு மிளகு வாங்க வந்து நாட்டையே வாங்கிக்கொண்ட அதே கம்பெனிதான் அங்கேயும் குறுக்கே நின்றது.

லார்டின் கூட்டாளிகள் இருவரில் ஒருவர் ஹென்றி கேபிள். இவரும் கைதி. 1783இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டவர். இவரும் இவருடைய மனைவி சூசன்னாவும் முதல் கப்பல் கூட்டத்தில் போனவர்கள். இவர்களுக்கென்று இங்கிலாந்தில் தருமவான்கள் சந்தா வசூலித்து வாங்கிக் கொடுத்த சாமான் மூட்டை கப்பலில் காணாமற் போய்விட்டது. இங்கிலாந்துச் சட்டப்படி இப்படிப்பட்ட தண்டனை பெற்றவன் கோர்ட்டில் பிராது கொடுக்கவே யோக்கியதை இல்லாதவன். ஆனால் 1788இல் சிட்னிக் கோர்ட்டு அவர்களுடைய பிராதை ஏற்றுக்கொண்டது. கப்பல் காப்டன் 15 பவுன் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த நாட்டில் நடந்த முதல் சிவில் வழக்கே ஒரு கைதி ஒரு காப்டன்மீது தொடுத்து வென்ற வழக்கு! ஆதலால், கைதிக்கும் நியாயம் உண்டு என்று வைத்தால் ஆகாயம் இடிந்து விழுந்துவிடாது என்பது அங்கே முதல் வருஷத்திலேயே ருசுவாகிவிட்டது.

பணம் வந்துவிட்டதே, இனி லார்டுக்குக் கௌரவம் வந்திருக்குமே என்று நினைப்பீர்கள். 1807இல் கவர்னராயிருந்தவர் பிளை என்பவர். ஒரு கப்பலின் சரக்கு சம்பந்தமாக லார்டும், கேபிளும், அண்டர்வுட் என்ற மற்றொரு கூட்டாளியும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் நடை மரியாதையாக இல்லை என்று சொல்லி, மூன்று பேருக்கும் ஒரு மாதம் ஜெயிலும் ஆளுக்கு 100 பவுன் அபராதமும் போடப்பட்டன. கப்பல் முதலாளியாக இருந்தும் கடித நடைக்காக ஜெயில்! ஒரு காலத்தில் திருடியவன் என்பதால், வாக்கியம் எழுதுவதில்கூட அவன் தலை குனிந்தே எழுத வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்?

1808 ஜனவரி 26இல் பட்டாளத்து அதிகாரிகள் அந்த கவர்னரையே பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். அந்தக் கலகக் கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1810 ஜனவரி முதல் தேதி மக்குவாரி என்பவர் புதிய கவர்னராகப் பதவி ஏற்றார். அவர் வந்து ஊரைப் பார்த்தார். வியாபாரம் செய்கிறவன், வைத்தியம் பார்க்கிறவன், வெள்ளத்தில் மூழ்குகிறவனைத் தூக்குகிறவன் எல்லாம் பழைய கைதிகளாகவே இருப்பதைக் கண்டார். தண்டனை தீர்ந்து, நெடுநாள் யோக்கியமாக நடந்து காட்டியவன், தான் இழந்த அந்தஸ்தைத் திரும்ப அடைய வேண்டும் என்பதைத் தம்முடைய கொள்கையாக வைத்துக்கொண்டு, அதை லண்டனுக்கும் எழுதினார். கவர்னர் மாளிகையில் தம்முடைய மேஜையில் பழைய கைதிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்.

அதே 1810இல் இரண்டு பழைய கைதிகளை மாஜிஸ்திரேட்டுகளாக நியமித்தார். முதலாமவர் ஆண்ட்ரூ தாம்ப்ஸன். ஸ்காட்லாந்துக்காரர். அவரும் துணி திருடியதற்காகவே 14 வருஷம் நாடு கடத்தப்பட்டவர். 1806இலும் 1809இலும் ஹாக்ஸ்பரி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது படகோட்டிப் பல உயிர்களைக் காப்பாற்றியவர். அதனாலேயே உடம்பு கெட்டு, மாஜிஸ்திரேட்டான அதே வருஷத்தில் இறந்துபோனார். இரண்டாமவர் நம்முடைய லார்ட்.

இப்போதுதான் விஷயத்தின் முக்கியமான இடத்திற்கு வருகின்றேன். கவர்னர் புதிதாகப் போடும் சுங்கச் சாலைக்கு மூன்று தருமகர்த்தர்களை நியமித்தார். ஒருவர் தாம்ப்ஸன், ஒருவர் லார்ட், மூன்றாமவர் சாமுவேல் மார்ஸ்டன் என்னும் பாதிரியார். பாதிரியார் என்ன சொன்னார்? "இவர்களோடு நான் உட்கார முடியாது" என்று மறுத்துவிட்டார். என்ன வேலைக்கு? சாமி கும்பிடுவதற்கல்ல, விருந்துக்கல்ல, சம்பந்தம் பேசுவதற்கல்ல. ரோட்டில் எத்தனை வண்டி போகின்றது, எவ்வளவு சுங்கம் வசூலாகின்றது என்று கணக்குப் பார்க்கின்ற கமிட்டிக்கு!

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். சிலுவையில் தொங்கிய திருடன் ஒருவனுக்குச் சுவர்க்கத்தில் இடம் கிடைத்தது என்று இந்தப் பாதிரியாரின் வேத புஸ்தகமே சொல்லுகின்றது. அதைப் பிரசங்கம் செய்வதுதான் அவருடைய உத்தியோகம். திருடனுக்குச் சுவர்க்கத்தில் இடம் உண்டாம். சாலைக் கமிட்டியில் இடம் இல்லையாம்! சுவர்க்கம் அவ்வளவு மலிவா, அல்லது சாலைக் கமிட்டி அவ்வளவு புனிதமா என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்று பாருங்கள். இந்த மார்ஸ்டனும் யார்க்ஷயர்க்காரர்தான். அங்கே ஒரு கிராமத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய காலேஜ் படிப்புக்கு ஒரு தருமச் சங்கம் பணம் கொடுத்தது. அப்படியிருக்க, ஒரே ஜில்லாவில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவரைப் பிறர் பணம் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிற்று. மற்றவரைப் பத்துப் பென்னி கைதிக் கப்பலுக்கு அனுப்பிற்று. பிறர் கைகொடுத்துத் தூக்கிவிட்டதை மறந்துவிட்டு, பிறர்க்குக் கைகொடுக்க மறுப்பதற்குப் பெயர்தான் அந்தஸ்து போலும்.

"அவர்கள் முறைப்படி கலியாணம் செய்துகொள்ளாமல் பெண்களோடு குடித்தனம் நடத்துகின்றார்களே, அதனால்தான் மறுத்தார்" என்று பாதிரியார் பக்கத்தில் ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அக்காலத்தில் அந்த ஊர்ப் பட்டாளத்து அதிகாரிகள் அநேகரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு எந்த நாற்காலியும் மறுக்கப்படவில்லை. எனவே, அளவுகோல் ஒழுக்கமல்ல. ஒரே காரியத்தை யார் செய்தார்கள் என்பதுதான் அளவுகோல். லார்டோடு வாழ்ந்த மேரி ஹைட் என்னும் அம்மையாரும் கைதியாக வந்தவரே. 1814இல் இருவரும் கலியாணம் பதிவு செய்துகொண்டார்கள். அதன் பிறகாவது அந்தக் கௌரவஸ்தர்களின் கதவு திறந்ததா? இல்லை.

1814இல் வந்த 46ஆவது பட்டாளத்து அதிகாரிகள், பழைய கைதி எவனோடும் பந்தியில் உட்காருவதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். ஜெப்ரி பென்ட் என்று ஒரு ஜட்ஜ் லண்டனிலிருந்து வந்தார். பழைய கைதிகளான வக்கீல்கள் தம் முன்னே நின்று வாதாடுவதை அவர் சகிக்கவில்லை. அவர்களை அனுமதிப்பதைவிடக் கோர்ட்டையே திறக்காமலிருப்பது மேல் என்று 1815இல் கோர்ட்டை மூடிவைத்துவிட்டார்! ஜனங்களுடைய வழக்கெல்லாம் கிடந்து நாறினாலும் நாறட்டும், தம்முடைய அந்தஸ்துக்கு மட்டும் தீட்டு வரக்கூடாது! கடைசியில் அவரை லண்டன் சர்க்கார் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்று: இந்தக் கௌரவஸ்தர்களுக்குக் கைதியின் கைபட்ட பொருள்மீது தீட்டில்லை. அந்த ஊரில் சாமான் வேண்டுமென்றால் பழைய கைதியின் கடைக்கும் ஏலத்திற்கும்தான் போக வேண்டும். 1817இல் அந்நாட்டின் முதல் பாங்கி திறந்தபோது இடம் எது? பதின்மூன்று வயதில் குதிரை திருடியதாகத் தண்டிக்கப்பட்டு வந்து, பின்னால் கப்பல் முதலாளியான மேரி ரைபி என்னும் அம்மையாரின் வாடகைக் கட்டிடந்தான். ரெட்பர்ன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1797இல் கப்பல் மாலுமிகள் கலகம் செய்தபோது, அவர்களை இன்னும் ஒற்றுமையாக இருங்கள் என்று சொன்ன குற்றத்திற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, வாலிபர் என்று உயிர் தப்பிச் சிட்னிக்கு வந்தவர். கவர்னர் வீட்டுப் பிரசவத்தைப் பார்த்தவர் அவர். கைதிக் கப்பல்களில் ஜனங்கள் ஏன் சாகின்றார்கள் என்று 1814இல் அறிக்கை எழுதி, கப்பலுக்குத் தகுந்த வைத்தியர் வேண்டுமென்று வழிகாட்டியவரும் அவர்தான். அவரை 1819இல் மாஜிஸ்திரேட்டாக்கியவுடன், லண்டனிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த பிக் என்னும் கமிஷனர் கடுமையாக ஆட்சேபித்தார். லண்டன் சர்க்காரும் அந்த நியமனத்தை ரத்து செய்துவிட்டது. அதாவது, பிரசவம் பார்க்கலாம், பெஞ்சில் உட்காரக்கூடாது. சாமான் விற்கலாம், சமமாக நிற்கக்கூடாது. வாடகைக்கு வீடு கொடுக்கலாம், விருந்துக்கு வரக்கூடாது.

இந்த அவமரியாதை மரியாதைப் பிரச்சினையோடு நிற்கவில்லை. 1819இல் லண்டனில் பெரிய கோர்ட்டு ஒரு தீர்ப்புச் செய்தது. கவர்னர் கொடுத்த மன்னிப்பு மட்டும் போதாது. ராஜ முத்திரையிட்ட பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் பழைய கைதிக்குப் பிராது கொடுக்கவும் சொத்துக் கொள்ளவும் உரிமை என்பது அதன் பலன். சிட்னி ஜட்ஜும் அதையே பின்பற்றினார். பாருங்கள்! இருபது வருஷம் பாடுபட்டு வீடும் நிலமும் சேர்த்தவனுக்கு, ஒரே நாளில் கடன் வசூலிக்கக்கூட யோக்கியதை இல்லை என்றாகிவிட்டது. மன்னிப்பு என்பது பிறன் கையில் இருக்கின்றவரை அதைக் கொடுத்தவனே எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளுவான் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

அப்போது அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கோவிலுக்குப் போய் அழவில்லை. தலைவிதி என்று தலையில் அடித்துக்கொள்ளவில்லை. 1821இல் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இந்த நாட்டில் உழுததும், கட்டியதும், விற்றதும் நாங்கள்தான் என்று கணக்கெடுத்துக் காட்டினார்கள். டாக்டர் ரெட்பர்னையும் ஈகர் என்ற வக்கீலையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1823இல் பார்லிமெண்டு செய்த சட்டம் அந்தக் குறையை நீக்கிற்று. பின்னால் ஜூரியில் உட்காரும் உரிமையும், ஓட்டு உரிமையும் சொத்துக் கணக்கின் பேரில் படிப்படியாக வந்தன. இவை எதுவும் பிச்சையாக வந்ததல்ல.

லார்டைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகின்றேன். 1815இல் பாட்டனி என்ற இடத்தில் தண்ணீர் விசையால் ஓடும் துணி ஆலை வைத்தார். முரட்டுக் கம்பளித் துணி, தொப்பி, காலுறை முதலியவை அங்கே நெய்து செய்யப்பட்டன. துணி திருடியதாக நாடு கடத்தப்பட்டவர், நாட்டுக்கே துணி நெய்து கொடுப்பவரானார். 1840 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பிறகு, சிட்னி நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று அந்த ஆலையின் தண்ணீரை நகர அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். மேரி அம்மையார் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று நஷ்டஈட்டுக்கான உரிமையை நிலைநாட்டினார். கைதியாகக் கப்பலேறிய ஒரு பெண் பிள்ளை, சர்க்கார் நியமித்த கமிஷனர்களை எதிர்த்து, எந்த ராஜ்யம் தன்னை நாடு கடத்திற்றோ அந்த ராஜ்யத்தின் உச்சக் கோர்ட்டிலேயே ஜெயித்தார்!

சரி, "திருடன் பிள்ளை திருடன்" என்கின்ற பழமொழிக்கு வருவோம். லார்டின் மகன் பிரான்சிஸ் 1843இல், தேர்தல் மூலம் அங்கத்தினர்கள் வந்த முதல் சட்டசபையிலேயே அங்கத்தினரானார். மற்றொரு மகன் ஜார்ஜ் 1870 முதல் 1872 வரை நியூ சௌத் வேல்ஸ் சர்க்காரின் பொக்கிஷ மந்திரி. அதாவது, துணி திருடியவன் மகனிடம் நாட்டின் கஜானாச் சாவியையே கொடுத்தார்கள்! குதிரை திருடிய வழக்கில் வந்த மேரி ரைபியின் பேரன் தாமஸ் 1876இல் டாஸ்மேனியாவின் பிரதம மந்திரியானார். அந்த அம்மையாரின் படத்தை 1994 முதல் ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் அச்சிட்டிருக்கின்றார்கள். இன்னும் வேடிக்கை என்னவென்றால், கள்ளப் பத்திரம் தயாரித்த குற்றத்திற்காக நாடு கடத்தப்பட்டு, மக்குவாரியின் கட்டிட நிபுணரான கிரீன்வே என்பவரின் படத்தை 1966இல் 10 டாலர் நோட்டில் போட்டார்கள். கள்ளக் கையெழுத்துக்காரன் படத்தை நல்ல நோட்டில் போட்டும் அந்த ராஜ்யம் மூழ்கிவிடவில்லை! குற்றம் இரத்தத்தில் இருப்பது உண்மையானால் இவையெல்லாம் எப்படி நடந்திருக்க முடியும்? பசியும், கதியின்மையும், கெட்ட சட்டமும், கெட்ட சகவாசமும் குற்றத்தை உண்டாக்குகின்றன. வேலையும், கூலியும், நிலமும், பிறர் நம்பிக்கையும் அதைப் போக்குகின்றன. இதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

தோழர்களே! இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. லார்ட் ஒரு மகானல்ல. அவருடைய வியாபாரக் காலமெல்லாம் கோர்ட்டு வழக்குகள் நிரம்பியது. கூட்டாளிகளோடேயே வருஷக்கணக்கில் வழக்காடியவர். அவர் வளர்ந்த நாளில் சிட்னியில் முதலாளி ஆனவர்களுக்கெல்லாம் வேலை செய்தவர்கள் புதிதாக வந்த கைதிகளே. விடுதலையானவர்கள் தங்களுக்குக் கேட்ட சமத்துவத்தைத் தங்களுக்குக் கீழே விலங்கோடு நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அதைவிடப் பெரியது: யாருடைய நிலத்தில் இவ்வளவும் நடந்தது? பல்லாயிர வருஷமாக அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகளுடைய நிலத்தில். துணியைத் திருடியவனுக்கு ஏழு வருஷம் தண்டனை. அவனைக் கொண்டுபோய் இறக்குவதற்காக ஒரு கண்டத்தையே எடுத்துக்கொண்டவர்களுக்குத் தண்டனை எங்கே? கைதிகளுக்கு நீதிமானாக விளங்கிய அதே மக்குவாரி அனுப்பிய பட்டாளம் 1816 ஏப்ரலில் ஆப்பின் என்ற இடத்தில் ஆதிக்குடிகளில் குறைந்தது 14 பேரைக் கொன்றது. அவர் முன்பு 1795இல் நமது கொச்சியில் இரண்டு சிறு பையன்களை அடிமைகளாக விலை கொடுத்து வாங்கியவரும் ஆவார். ஆகவே, யாரையும் கடவுளாக்கிக் கும்பிட வேண்டாம். செய்த நியாயத்தை நியாயம் என்றும், செய்த அக்கிரமத்தை அக்கிரமம் என்றும் சொல்லுவதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருடிய வெள்ளைக்காரனின் மகன் மந்திரியாயிருந்த அதே காலத்தில், 1871இல், அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. ஒன்றும் திருடாத குழந்தையையும் பிறப்பினால் குற்றவாளி என்று எழுதிவைக்கும் சட்டம் அது. 1952இல்தான் இந்திய தேசம் முழுவதும் ரத்தாயிற்று. ஆஸ்திரேலியாவில் பொய்யென்று ருசுவான ஒரு தத்துவத்தை இங்கே சட்டமாக்கினார்கள் என்றால், அவர்களுக்கு உண்மை தெரியாமலா? ஆள்வதற்கு அந்தப் பொய் சௌகரியமாயிருந்தது, அவ்வளவுதான்.

"அப்படியானால் ஜெயிலுக்குப் போய்ப் பணம் சேர்த்த எவனுக்கும் பதவி கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பணம் யோக்கியதைக்கு அத்தாட்சியாகாது. ஜெயில் அயோக்கியதைக்கு நிரந்தர அத்தாட்சியும் ஆகாது. ஜெயிலுக்கே போகாத எத்தனையோ பேருக்கு அகப்படவில்லை என்பதைத் தவிர வேறு யோக்கியதை என்ன இருக்கின்றது? ஒருவன் தண்டனையை அனுபவித்துத் தீர்த்தானா, அதன் பிறகு எப்படி நடந்துகொண்டான், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றானா என்று பாருங்கள். அந்தக் கேள்விகளை ஜெயிலுக்குப் போகாதவனிடமும் கேளுங்கள். இருவருக்கும் ஒரே தராசு வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வாலிபர்களே! உங்கள் தெருவிலும் ஜெயிலிலிருந்து வந்தவன் ஒருவன் இருப்பான். அவனுக்கு நீங்கள் பரிதாபப்பட வேண்டியதில்லை. புத்தி சொல்ல வேண்டியதுமில்லை. வேலை கொடுங்கள். செய்த வேலைக்கு நியாயமான கூலி கொடுங்கள். கணக்குப் பார்க்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். சர்க்கார் ஏழு வருஷம் என்று எழுதிய தீர்ப்பை, எட்டாவது வருஷமும் எழுதிக்கொண்டு போவதற்கு நம்மில் ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது.